முன்பணமும் பாம்புப் பானையும்

செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போகும் பேருந்து திருக்கழுக்குன்றம் வந்ததும் பாதி காலியாகிவிடுகிறது. வேதகிரீஸ்வரரைப் பார்க்க வந்தவர்களும் தாலுகா ஆபீசுக்கு மனுவோடு வந்தவர்களும் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வண்டியில் மிஞ்சியிருப்பவர்களைப் பார்த்தாலே இந்த வட்டாரத்தின் பிழைப்பு பாதி விளங்கிவிடும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஜன்னலோரம் கண்ணயர்ந்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒரு பக்கம். விற்றுத் தீர்ந்த அன்னக்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு சில்லறை எண்ணும் மீன்காரப் பெண்கள் இன்னொரு பக்கம்.

என் பக்கத்தில் இருந்த அம்மா எண்ணிய பணத்தை மூன்று பங்காகப் பிரித்து வைத்தார். "இது தண்டலுக்கு. இது நாளைக்கு மீனெடுக்க. இது வூட்டுக்கு." மூன்றாவது பங்கு மற்ற இரண்டையும்விட மெலிந்திருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "எப்பவும் அப்டித்தான் சார்" என்று சிரித்தார். தண்டல்காரர் காலையில் கொடுத்துச் சாயங்காலம் வாங்கிக்கொள்கிறவர். அவர் கொடுக்காவிட்டால் ஏலத்தில் மீன் எடுக்க முடியாது. அதனால் அவரைத் திட்டவும் முடியாது.

சதுரங்கப்பட்டினத்தில் இறங்கினால் கோட்டை கூப்பிடு தூரம்தான். கடலைப் பார்த்த செங்கல் மதில், வாசலில் இரண்டு பீரங்கிகள், உள்ளே இடிந்தும் இடியாமலும் நிற்கும் நீண்ட கிடங்குகள். ஒரு மூலையில் டச்சுக்காரர்களின் கல்லறைகள். கல்லறைக் கற்களில் செதுக்கியிருக்கும் பூவேலைப்பாடும் எழுத்தும் மழை வெயிலில் இத்தனை காலம் கிடந்தும் கூர் மழுங்கவில்லை. கோட்டை இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பெரும்பாலான பயணிகள் மாமல்லபுரத்தோடு திரும்பிவிடுவதால், இங்கே கூட்டம் என்ற பேச்சே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட இரண்டு பையன்கள் கிடங்கு நிழலில் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கிடங்குகளில் இருந்தது துணி. 1602-இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையில் பழவேற்காடு, நாகப்பட்டினம் என்று கால் ஊன்றியபோது சதுரங்கப்பட்டினத்தையும் பிடித்துக்கொண்டது. சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த மெல்லிய பருத்தித் துணி இங்கே கட்டுக் கட்டாகச் சேர்ந்து, தரம் பிரிக்கப்பட்டு, கப்பல் ஏறியது. 1781-இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இதே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் பீரங்கிச் சண்டை போட்டார்கள். பிறகு கோட்டை டச்சுக்காரர் கைக்கே திரும்பி, 1824 ஒப்பந்தப்படி மறு ஆண்டு ஆங்கிலேயருக்கு நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்தது. இதெல்லாம் பாடப்புத்தகச் சங்கதி. எனக்கு இந்தக் கோட்டையில் ஆர்வம் அதன் கணக்கர் மேல்.

அவர் பெயர் யாக்கோப் ஹாஃப்னர். 1781-இல் கோட்டை விழுந்தபோது இங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். ஆங்கிலேயரிடம் கைதியாகிச் சென்னைக்குப் போனார். அங்கே ஹைதர் அலி போர்க்காலத்துப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டார். ஐரோப்பாவுக்குத் திரும்பிய பிறகு எழுதிய பயண நூல்களில் கம்பெனிக்காரர்களைக் கிழித்துத் தொங்கப் போட்டார். கம்பெனியின் வரவு செலவை அருகிலிருந்து பார்த்த மனிதர் அப்படி எழுதியதில் எனக்கு வியப்பில்லை.

அந்தக் கணக்கின் அடிப்படை முன்பணம். கம்பெனி வணிகருக்கு முன்பணம் கொடுக்கும். வணிகர் நெசவாளிக்குக் கொடுப்பார். நெசவாளி அதில் நூல் வாங்கி, வயிற்றுக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, துணியை நெய்து தருவார். கேட்டவுடன் சுரண்டல் என்று தோன்றும். ஆனால் வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி காட்டும் படம் வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தென்னிந்திய நெசவாளிக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வணிகரிடம் போகும் உரிமை இருந்தது. டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், உள்ளூர்ச் செட்டிகள் என்று வாங்க ஆள் பலர் இருந்ததால் பேரம் நெசவாளி பக்கம் சாய்ந்திருந்தது. ஆங்கிலக் கம்பெனியே அரசாங்கமும் ஆனபோதுதான் அந்த உரிமை போயிற்று. வாங்கிய பணத்தைத் திருப்ப முடியாது. வேறு ஆளிடம் போனால் சேவகன் வருவான். உதவியாக இருந்த முன்பணம் கட்டிப்போடும் கயிறானது அப்போதுதான். வறிய வட்டாரத்தை முன்னேற்றுவது பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்துபோக இவர்களால் முடியுமா?

கோட்டையை விட்டு வெளியே வந்து குப்பத்தை நோக்கி நடந்தால் அதே கேள்வி மணலில் கிடக்கிறது. ஃபைபர் படகுகள் கரையேறியிருந்தன. வலையிலிருந்து நண்டைப் பிய்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். படகுக்கும் எஞ்சினுக்கும் ஏலக்காரர் முன்பணம் கொடுத்திருக்கிறார். பாடு வந்தால் மீன் அவர் கைக்குத்தான் போகவேண்டும். அவர் கழிவு பிடித்துக்கொள்வார். "கடனை அடைச்சிட்டா வேற ஆளுக்குப் போடலாமா?" என்று கேட்டேன். "அடைச்சிட்டா போடலாம்ணா. அடையறதுக்குள்ள எஞ்சின் போயிடும். மறுபடி அவருகிட்டதான்" என்றார். கசப்பில்லாமல், மழை வரும் போகும் என்பதுபோல் சொன்னார்.

2004 டிசம்பர் 26-இல் கடல் உள்ளே வந்தபோது இந்தக் கரையில் இந்தக் கயிறு ஒரு முறை தானாக அறுந்தது. படகு போயிற்று, வலை போயிற்று, கடன் கணக்கும் கலைந்தது. தொண்டு நிறுவனங்கள் குவிந்தன. தமிழகக் கடலோரம் முழுக்க ஃபைபர் படகுகள் கொட்டப்பட்டன. சுனாமிக்கு முன்பு இருந்ததைவிடப் படகு எண்ணிக்கை கூடிற்று. சில படகுகள் அலையைத் தாங்காத தரம். மீன் வாங்கி விற்கும் பெண்களை ஆரம்பத்தில் பெரும்பாலோர் நினைக்கவே இல்லை. சொத்து கொடுத்தார்கள், அதை ஓட்டத் தேவையான நடப்புப் பணத்துக்கு வழி சொல்லவில்லை. டீசலுக்கும் வலைப் பழுதுக்கும் மீனவர் மறுபடி ஏலக்காரரிடமே போய் நின்றார்.

அரசின் திட்டங்களில் எனக்குப் பிடித்தது சிறியது, விளம்பரமில்லாதது: சேமிப்பு நிவாரணத் திட்டம். மீனவர் ஆண்டுக்கு 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் ஆளுக்கு 1,500 சேர்த்து, மீன்பாடு குறைந்த காலத்தில் 4,500 ரூபாயாகத் திரும்ப வருகிறது. தொகை பெரிதில்லை. ஆனால் அதில் அவர் பங்கு இருக்கிறது. யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்துக்குத் தரும் நிவாரணம் தனி. இரண்டையும் கூட்டினாலும் ஒரு வெளிப்பொருத்து எஞ்சினின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

வடக்கே அணுமின் நிலையத்தின் கட்டடங்கள் தெரிகின்றன. 1983-இல் முதல் உலை இயங்கத் தொடங்கியது, 1985-இல் இரண்டாவது. புதுப்பட்டினமும் சதுரங்கப்பட்டினமும் சேர்ந்துதான் கல்பாக்கம் என்ற பெயருக்குள் போயின. நகரியத்துக்குள் நிழல் தரும் மரங்கள், நல்ல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. வேலிக்கு வெளியே கடைத்தெருவும் வாடகை வீடும் ஒப்பந்த வேலையும். அணுமின் நிலையம் வந்ததால் ஊர் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது நிறைய வீடுகளில் உலை வைத்திருக்கிறது. ஆனால் துணி போன வழியேதான் மின்சாரமும் போகிறது. இன்னும் வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்று தொடங்கியது. 2024-இல் 15 கோடி லிட்டருக்கு இரண்டாவது ஆலையும் வந்தது. அந்தத் தண்ணீரும் சென்னைக்கு. இந்தக் கரைக்கு வெளியிலிருந்து பெரியது எது வந்தாலும் இப்படித்தான்: விளைவது இங்கே, விலை நிர்ணயம் வேறெங்கோ.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வருமுன் பக்கிங்காம் கால்வாயைக் கடக்கவேண்டும். 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வெட்டி நீட்டிய கால்வாய். அப்போதைய ஆளுநர் பெயரைத் தாங்கி, விறகும் உப்பும் ஏற்றிய படகுகளைச் சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது எருமைகள் குளிக்கின்றன. அரசாங்கம் பஞ்சத்துக்குச் செய்த வைத்தியம் அது. இருபதாண்டு கழித்து அதே அரசாங்கத்தில் ஓர் அதிகாரி வேறு வைத்தியம் யோசித்தார். பிரெடரிக் நிக்கல்சன், சென்னை மாகாண சிவில் அதிகாரி. விவசாயிகளின் கடன் சுமை பற்றி 1895-97-இல் இரண்டு தொகுதி அறிக்கை எழுதினார். ஜெர்மனியில் கிராமத்தார் தங்களுக்குள் பணம் போட்டு, ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று, கடன் கொடுத்துக்கொள்ளும் ரைஃபைசன் முறையை இங்கே கொண்டுவரச் சொன்னார். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு சென்னை மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் பதிவானது. எங்கே? அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவின் திரூரில். இன்றைக்கு அது திருவள்ளூர் மாவட்டம். நிக்கல்சன் பிறகு மாகாணத்தின் மீன்துறையை உருவாக்கப் போனார். கடனும் மீனும் ஒரே மனிதரின் மேசையில் இருந்திருக்கின்றன என்பது இந்தக் கரையில் நிற்கும்போது வேடிக்கையாக இருக்கிறது.

மாமல்லபுரத்துக்கு முன்னால் வருவது பூஞ்சேரி. 2021 நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இங்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். தொலைக்காட்சிகள் நாள் முழுக்கக் காட்டின. நாடு சுதந்திரம் பெற்று எழுபத்து நான்கு ஆண்டுக்குப் பிறகு ஒரு குடும்பம் இன்ன இனம் என்ற காகிதமும், இன்ன இடத்தில் குடியிருக்கிறது என்ற காகிதமும் பெறுவதே செய்தியாகிறது என்றால், நிலைமையை நான் விளக்கவேண்டியதில்லை.

இருளர்களின் கதையிலும் முன்பணம்தான் வில்லன். செங்கற்சூளை, அரிசி ஆலை, சவுக்கு வெட்டு. சில ஆயிரங்களை முன்பணமாக வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்த் தங்குவார்கள். கணக்கு முதலாளியிடம். கூலியில் கழிந்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்று கேட்கத் தெரியாது. தெரிந்தவர் கேட்டால் அடி. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. இன்னமும் கோட்டாட்சியர் போய் மீட்டு, விடுதலைச் சான்றிதழ் கொடுத்த செய்தி காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கங்களிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. மீட்கப்பட்டவர்களில் சிலர் மறுபடி வேறொரு சூளைக்குப் போவதும் உண்டு. அடுப்பு எரியவேண்டுமே.

மாமல்லபுரத்திலிருந்து வடக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் வடநெம்மேலி. முதலைப் பண்ணைக்குக் கூட்டம் இறங்குகிறது. அதே வளாகத்தில், பலர் ஏதோ வேடிக்கை என்று நினைத்துக் கடந்துபோகும் ஓரிடத்தில், இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் பதிவானது. நான் இந்தப் பக்கம் வந்ததே இதற்காகத்தான்.

இருளர்கள் முன்பு பாம்பைப் பிடித்துத் தோலுக்கு விற்றார்கள். பிடிப்பது அவர்கள், உரித்த தோலுக்குக் கிடைத்தது சில காசு, பதப்படுத்தி ஏற்றுமதி செய்தவர்களுக்கு மிச்சம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை. பாம்புக்கு நல்லது. பாம்பைப் பிடித்துப் பிழைத்தவருக்கு அன்றோடு அடுப்பு அணைந்தது. சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கர் இருளர்களோடு காட்டில் அலைந்தவர். அவர்களிடம் இருந்த அறிவு எவ்வளவு என்று அறிந்தவர். தோலுக்குப் பதில் விஷத்தை விற்றால் என்ன, பாம்பைக் கொல்லாமலே விடலாமே என்ற யோசனை அப்படி வந்தது. சங்கம் பதிவானாலும் விஷம் எடுத்து விற்க அனுமதி கிடைக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின.

வேலை இப்படி நடக்கிறது. உறுப்பினர் கடப்பாரையோடு போகிறார். பெரும்பாலும் கணவன் மனைவி சேர்ந்தே. வரப்பில், கரையான் புற்றில், வேலியோரத்தில் தடம் பார்க்கிறார்கள். மண்ணில் கிடக்கும் எச்சத்தையும் செதிலையும் பார்த்து உள்ளே இருப்பது எது, எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள். நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் என்று நான்கு இனங்களுக்கு மட்டுமே அனுமதி. கொண்டுவந்த பாம்பை எடை போட்டுப் பதிவேட்டில் எழுதி, இனத்துக்கு இவ்வளவு என்று விலை கொடுக்கிறார்கள். நல்லபாம்புக்கும் கண்ணாடி விரியனுக்கும் கூடுதல்; சுருட்டைக்குக் குறைவு. பாம்பு மண்பானைக்குள் போகிறது. பானை வாயில் துணி, துணியின் மேல் தேதிச் சீட்டு. வாரத்துக்கு ஒரு முறை விஷம் எடுப்பார்கள். கழுத்தைப் பிடித்து, சவ்வு கட்டிய கண்ணாடிக் குப்பியைக் கடிக்க விட்டால் மஞ்சளாகச் சொட்டுகிறது. மூன்று நான்கு வாரம் கழித்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் இருக்கும் பாம்பை உடனே மறுபடி பிடிக்கக்கூடாது.

"புடிக்கிறத எல்லாரும் கைதட்டிப் பார்ப்பாங்க சார். திரும்ப வுடறதுதான் எங்க தொழிலு. வுடலன்னா அடுத்த வருசம் யார புடிக்கிறது?" பானைகளுக்கு நடுவே நின்று ஒரு பெரியவர் சொன்னார். இதைவிடத் தெளிவாக எந்த வளர்ச்சித் திட்ட அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

குப்பியில் சேர்ந்த விஷம் உறையவைத்து உலர்த்தப்பட்டுப் பொடியாகிறது. அதை மருந்து நிறுவனங்கள் வாங்கிக் குதிரைக்குச் சிறு சிறு அளவில் செலுத்தி, குதிரையின் ரத்தத்திலிருந்து பாம்புக்கடி மருந்து செய்கின்றன. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்தின் மூலப்பொருளில் பெரும்பகுதி இந்த ஒரு சங்கத்திலிருந்து போகிறது. 2000 முதல் 2019 வரை நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு சொல்கிறது. பிழைத்தவர்கள் எத்தனை பேருக்குத் தங்கள் உயிர் வடநெம்மேலிப் பானை வழியாக வந்தது என்று தெரியும்? இங்கிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைத்துப் போனார்கள். அங்குள்ள வல்லுநர்களுக்குத் தென்படாத பாம்புகளை இவர்கள் தடம் பார்த்துப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

பட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்தப் பதிவேடு. கொண்டுவந்தது என்ன, எடை எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று உறுப்பினர் எதிரிலேயே எழுதுகிறார்கள். சூளை முதலாளியின் நோட்டுக்கும் இதற்கும் உள்ள தூரம்தான் இந்தச் சங்கத்தின் சாதனை. உறுப்பினர் விலகிப்போனால் யாரும் துரத்தப்போவதில்லை. திரும்பி வந்தால் பதிவேட்டில் இடம் இருக்கிறது.

இதே சிந்தனையில் 1986-இல் செங்கல்பட்டுக்கு அருகே தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் தொடங்கியது. மூலிகையும் நாற்றுப் பண்ணையும் அதன் வேலை. பாம்பு பிடிக்கக் கடப்பாரை வேண்டும். மூலிகைக்குக் கண்ணும் கையும் போதும். எலி பிடிப்பதும் இருளர்களுக்குக் கைவந்த கலைதான்; வயலில் எலி வளையைத் தோண்டி, எலியையும் அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுத்துவருவார்கள். மருந்து தெளிக்கச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுத்தால் விவசாயிக்கும் லாபம். அதை முறையான தொழிலாக்கும் முயற்சி எங்கும் நிலைத்ததாகத் தெரியவில்லை.

சங்கத்தைப் புகழ்ந்துவிட்டு எழுந்துபோவது நியாயமில்லை. அதன் பலவீனங்கள் பானை வாயின் துணி வழியே தெரிகின்றன. வாங்குகிறவர்கள் சில மருந்து நிறுவனங்கள் மட்டுமே. அவை வாங்காத ஆண்டில் விஷப்பொடி அலமாரியில் உட்காரும். சதுரங்கப்பட்டினத்து நெசவாளிக்கு வாய்த்த பல வியாபாரிகள் இங்கே இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் நடந்த ஆய்வுகள் இன்னொரு சிக்கலைக் காட்டுகின்றன: ஒரே இனப் பாம்பின் விஷமே ஊருக்கு ஊர் வேறுபடுகிறது, தமிழ்நாட்டு விஷத்தில் செய்த மருந்து ராஜஸ்தானில் கடித்த பாம்புக்கு அதே அளவு வேலை செய்வதில்லை. வட்டாரத்துக்கு வட்டாரம் விஷம் சேகரிக்கவேண்டும் என்ற குரல் வலுக்கிறது. அது நடந்தால் இந்தச் சங்கத்தின் தனியிடம் போகலாம். அதையே வாய்ப்பாகவும் பார்க்கலாம்: மற்ற மாநிலங்களில் பழங்குடியினருக்கு இந்தத் தொழிலைச் சொல்லித்தர இவர்களைவிட ஆள் யார்?

எல்லாவற்றையும்விட உடனடிச் சங்கடம் அனுமதி. ஆண்டுக்கு எந்த இனத்தில் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை வழியாக அரசு உத்தரவு போடவேண்டும். உத்தரவு தாமதமானால் பிடிக்கமுடியாது. பிடிக்காவிட்டால் வருமானம் இல்லை. "ஆர்டரு வந்துடுச்சா சார்?" என்று என்னையே ஒருவர் கேட்டார். பேண்ட் போட்டு, நோட்டு வைத்திருப்பவன் ஏதோ ஆபீசர் என்று நினைத்துக்கொண்டார். உத்தரவுக்காகக் காத்திருக்கும் குடும்பத்தின் வாசலுக்குச் சூளைக்காரரின் ஆள் முன்பணத்தோடு வந்து நிற்பதற்கு ஒரு மாதம் தாராளம்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டு இருளர்கள் ஏறக்குறைய 1.9 லட்சம் பேர். சங்கத்தின் உறுப்பினர்கள் சில நூறு பேர்தான். இந்த ஒரு சங்கத்தைப் பெரிதாக்கி எல்லோரையும் உள்ளே இழுக்கமுடியாது. அவ்வளவு பாம்பும் இல்லை, அவ்வளவு விஷத்துக்குத் தேவையும் இல்லை. இது போல் வேறு வேறு அறிவின் மேல், வேறு வேறு பதிவேடுகளோடு, பத்துச் சங்கம் வேண்டும். ஆனால் இருப்பதையாவது மூச்சுவிட வைக்கலாம். பாம்பின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வனத்துறை சரிபார்க்கட்டும்; அனுமதியை மட்டும் ஐந்தாண்டுக்கு ஒரே உத்தரவாகக் கொடுக்கட்டும். இதற்கு ஆலை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். ஒரு அரசாணை போதும்.